மைக்ரோ ஆர்என்ஏ: நுண்ணா, குறுவா? எலும்புப் பாடத்துக்குச் சொல் வேண்டும், புதன் மாலைக்குள்

செ. – ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழ்வழியில் விலங்கியல் படிக்கும் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு துணைப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல் எப்படி எலும்பு கட்டும் செல்லாக ஆகிறது, அதில் மைக்ரோ ஆர்என்ஏக்கள், அதாவது புரதம் உருவாவதைக் குறைக்கிற சின்ன ஆர்என்ஏ துண்டுகள், என்ன செய்கின்றன என்பதுதான் பாடம். 11 பக்கம். புதன் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். முடித்துவிட்டு இன்று வாசித்துப் பார்த்தேன். “மீசன்கைமல் ஸ்டெம் செல் ஆஸ்டியோபிளாஸ்டாக டிஃபரன்ஷியேட் ஆவதை மைக்ரோ ஆர்என்ஏ ரெகுலேட் செய்கிறது.” இந்த வரியில் வேற்றுமை உருபும் வினைமுற்றும்தான் தமிழ்.

போன வருடம் இதே வரியை வகுப்பில் சொன்னேன். முன் பெஞ்சில் ஒரு பெண் அப்படியே எழுதிக்கொண்டாள், தேர்விலும் பிழையில்லாமல் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். பிறகு நேரில் கேட்டால் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முதலில் மைக்ரோ ஆர்என்ஏவுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். அப்புறம் ஸ்டெம் செல், ஆஸ்டியோபிளாஸ்ட் (எலும்பு கட்டும் செல்), டிஃபரன்ஷியேஷன் (செல் ஒரு குறிப்பிட்ட வகைச் செல்லாக மாறுவது). நான் இப்போதைக்கு ‘நுண் ஆர்என்ஏ’ என்று போட்டு வைத்திருக்கிறேன்.

இரா. – திங்கள், காலை 5.15

அன்புள்ள செ. அம்மா,

பொருளைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். தம்பி ந. முன்பு எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது, இது ஓர் இழை, நீளம் 22 எழுத்து அளவு; எழுத்து என்பது இழையில் கோத்திருக்கும் வேதி அலகு. புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏ ஆயிரக்கணக்கான எழுத்து நீளம். அப்படியென்றால் வேறுபாடு நீளத்தில் இருக்கிறது, பருமனில் இல்லை. நீளம் குறைந்ததைத் தமிழ் ‘நுண்’ என்று சொல்வதில்லை, ‘குறு’ என்றுதான் சொல்லும். நுண்மணல், நுண்துளை, நுண்ணிடை என்று சொல்லிப் பாருங்கள், எல்லாம் பருமன். குறுநடை, குறும்பாட்டு, குறுவாள் என்று சொல்லிப் பாருங்கள், எல்லாம் நீளம்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இதே சிக்கலைத் தீர்த்து வைத்திருக்கிறார்கள். 4 முதல் 8 அடி வரை உள்ள பாட்டுகளுக்குக் குறுந்தொகை என்று பெயர். 13 முதல் 31 அடி வரை போகிற அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்று இன்னொரு பெயர். அடி எண்ணிக்கையை வைத்துப் பெயரிட்ட மரபு நமக்கு இருக்கும்போது, எழுத்து எண்ணிக்கையை வைத்துப் பெயரிட என்ன தடை? 200 எழுத்துக்கு மேல் நீளமுள்ள, புரதம் செய்யாத ஆர்என்ஏக்களும் இருக்கின்றன என்று ந. எழுதினார். அவை நெடு, இவை குறு. ‘மைக்ரோ’வுக்கு அரசுத் தமிழிலும் ‘குறு’தான்: குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள்.

குறுமை + இழை = குற்றிழை. பண்புப் பெயர்ப் புணர்ச்சியில் தன்னொற்று இரட்டும், நன்னூல் 136. ஆர்என்ஏ என்ற மூன்று அயல் எழுத்தும் ஒழியும்.

ந. – திங்கள், காலை 11.20

செ. அக்கா, இரா. ஐயா, வணக்கம். எலும்பு செல்களோடுதான் என் அன்றாட வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘மைக்ரோ’ என்ற பெயர் யாரும் அளந்து வைத்ததில்லை. 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் விக்டர் ஆம்ப்ரோஸ் ஆய்வகம் லின்-4 என்ற சின்ன ஆர்என்ஏவைக் கண்டது, அது எப்படி வேலை செய்கிறது என்பதை கேரி ருவ்குன் ஆய்வகமும் சேர்ந்து காட்டியது. புழுவின் விசித்திரம் என்று பலரும் விட்டுவிட்டார்கள். 2000இல் லெட்-7 என்ற இன்னொரு சின்ன ஆர்என்ஏ வந்தது, அது மனிதன் வரைக்கும் பல விலங்குகளில் மாறாமல் இருக்கிறது என்று தெரிந்தது. புழு எந்தப் பருவத்தில் எந்தப் பருவத்துக்கு மாற வேண்டும் என்பதை இவை தீர்மானித்ததால் அப்போது ‘காலம் காட்டும் சிறு ஆர்என்ஏ’ என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. 2001இல் ஒரே இதழில் மூன்று குழுக்களின் கட்டுரைகள் சேர்ந்து வந்தபோதுதான் ‘மைக்ரோ ஆர்என்ஏ’ நிலைத்தது. 2024இல் ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் நோபல் பரிசு.

வேலை இப்படி. மரபணுவிலிருந்து முதலில் ஒரு நீளமான இழை வருகிறது, அது தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி போல வளைந்திருக்கும். செல்லின் உட்கருவுக்குள் டுரோஷா என்ற நொதி அதை ஒரு முறை வெட்டுகிறது, வெளியே வந்ததும் டைசர் இன்னொரு முறை வெட்டுகிறது. மிஞ்சும் 22 எழுத்துத் துண்டை ஆர்கோநாட் என்ற புரதம் கையில் ஏந்திக்கொண்டு தூது ஆர்என்ஏக்களின் வால்பகுதியைத் தடவிப் பார்க்கும். துண்டின் 2ஆம் எழுத்திலிருந்து 8ஆம் எழுத்து வரை எங்கே ஜோடி சேர்கிறதோ அங்கே உட்காரும். அந்தத் தூதிலிருந்து புரதம் உருவாவது குறையும், தூதும் சீக்கிரம் சிதையும்.

இப்போது எலும்புக்கு வருவோம். மஜ்ஜையில் உள்ள அந்த ஸ்டெம் செல்லுக்கு முன்னால் மூன்று வழி: எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு. எலும்பு வழிக்கு முக்கியமான புரதம் ரன்எக்ஸ்2. அது இல்லாத சுண்டெலிக் குட்டிகளை 1997இல் பார்த்தார்கள், எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பாகவே நின்றுவிட்டிருந்தது, பிறந்ததும் மூச்சு விட முடியாமல் இறந்தன. மிர்-204 என்ற மைக்ரோ ஆர்என்ஏ (மிர் என்று தொடங்கும் பெயரெல்லாம் மைக்ரோ ஆர்என்ஏதான்) இந்த ரன்எக்ஸ்2வைக் குறைக்கிறது, செல் கொழுப்புப் பக்கம் சாய்கிறது. மிர்-138 இன்னொரு தடை. மனித ஸ்டெம் செல்லில் அதை முடக்கி எலிக்குள் வைத்தபோது எலும்பு கூடுதலாக வளர்ந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மிர்-29பி எலும்பு உருவாவதைத் தடுக்கிற புரதங்களைக் குறைக்கிறது, அதனால் எலும்பு கூடுகிறது. மிர்-2861 என்று ஒன்று, ரன்எக்ஸ்2வைச் சிதைக்க உதவுகிற ஒரு புரதத்தைக் குறைக்கிறது. அந்த மைக்ரோ ஆர்என்ஏவின் மரபணு பழுதானதால் இளவயதிலேயே எலும்பு மெலிந்துபோனவர்களைப் பற்றி 2009இல் எழுதியிருக்கிறார்கள். பாடத்தில் இந்த இரண்டு பக்கமும் வர வேண்டும் அக்கா. ‘மைக்ரோ ஆர்என்ஏ எலும்பை வளர்க்கும்’ என்றோ ‘தடுக்கும்’ என்றோ ஒற்றை வரியில் எழுதினால் தப்பு.

ஐயா, குற்றிழையில் எனக்கு ஒரு சிக்கல். டிஎன்ஏவும் இழைதான். கொலாஜனும் இழைதான், எலும்பில் இருக்கும் புரதத்தில் பெரும்பகுதி அதுதான். ஒரே பத்தியில் மூன்று இழை வந்தால் சிக்கிக்கொள்ளும்.

கு. – திங்கள், மதியம் 1.05

வணக்கம். பள்ளியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ‘குற்றிழை’ என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் காதில் ‘குற்றம் இழை’ என்றுதான் விழும். இலக்கணம் சரி, ஆனால் காது வேறு கணக்குப் போடும். குறுமை + உயிர் = குற்றுயிர், அந்தச் சொல் இன்று எந்தப் பொருளில் நிற்கிறது என்று பாருங்கள் ஐயா.

எனக்கு அளவு முக்கியமாகத் தெரியவில்லை, அது செய்கிற வேலைதான் முக்கியம். எங்கள் பக்கம் கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு வயல் பிரித்து விட ஒருத்தர் இருப்பார். இந்த மடையை அடைத்தால் தண்ணீர் அந்த வயலுக்குப் போகும். அவர் ஒரு சொட்டுத் தண்ணீரையும் உண்டாக்குவதில்லை, மண்வெட்டியும் கையுமாக அடைப்பார், திறப்பார், அவ்வளவுதான், ஆனால் எந்த வயல் விளையும் என்பது அவர் கையில். ந. எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. கொழுப்பு வயல், எலும்பு வயல். மிர்-204 எலும்பு மடையை அடைக்கிறது, மிர்-29பி ஏற்கெனவே கிடக்கிற அடைப்பை எடுத்துவிடுகிறது. ‘மடை ஆர்என்ஏ’ என்று வைத்தால் என்ன? கிராமத்துப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

யோ. – திங்கள், இரவு 8.30

எல்லாருக்கும் வணக்கம். கு. சொன்ன உவமை நல்ல வடிவாயிருக்கு, பாடத்துக்குள்ள அதைக் கட்டாயம் போடுங்கோ. பெயராக வைக்க வேண்டாம். உவமை ஒரு பக்கம்தான் பொருந்தும், பெயர் எல்லாப் பக்கமும் பொருந்த வேணும்.

எனக்கு மற்றச் சொல்லில்தான் கவலை. ஸ்டெம் செல்லுக்குத் தமிழ்நாட்டில் ‘குருத்தணு’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். தனியாகப் பார்த்தால் அழகான சொல். வாழைக்குருத்து, பனங்குருத்து, நடுவிலிருந்து புதிதாக வருகிறது, எதுவாகவும் விரியக் கூடியது. ஆனால் இந்தப் பாடத்துக்கு அது ஆபத்து. குருத்தெலும்பு என்றொரு சொல் ஏற்கெனவே இருக்கிறது, அது இந்தக் கலங்கள் போகிற மூன்று வழியில் ஒன்று. குருத்தணு குருத்தெலும்பு அணுவாகிறது, குருத்தணு எலும்பணுவாகிறது என்று எழுதினால் பிள்ளைக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விளங்காது. போதாததுக்கு ‘அணு’. இயற்பியலில் அது வேறு. ‘உயிரணு’ என்றால் பத்திரிகை விளம்பரத்தில் இன்னும் வேறு.

‘தண்டு செல்’ என்று எழுதுவதும் சரியில்லை. எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் ஜெர்மன் மொழியில் இந்தச் சொல்லை ஆண்டபோது அவர் மனதில் இருந்தது செடித்தண்டு இல்லை. பரம்பரை மரத்தின் அடிமரம், எல்லா உயிரும் கிளைத்த ஆதிக் கலம். பரம்பரை மரத்துக்குத் தமிழில் ‘கொடிவழி’ என்று எவ்வளவு நல்ல சொல் இருக்கிறது! கொடிக்கலம் என்று வைக்கலாமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கொடி என்றால் தொப்புள்கொடியும் வரும், அதிலிருந்தும் இந்தக் கலங்களை எடுக்கிறார்கள், ஆகவே அதுவும் குழப்பும் என்று விட்டுவிட்டேன். ‘மூலக்கலம்’ எனக்குச் சரி.

இலங்கையில் எங்கள் பாடநூல்களில் செல் கலம், எலும்பு என்பு, டிஃபரன்ஷியேஷன் வியத்தம். என்பு குறளிலேயே இருக்கிறது, ‘என்பும் உரியர் பிறர்க்கு’. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். இரண்டு கரையிலும் ஒரே சொல் இருந்தால் நல்லது என்பது என் நெடுநாள் ஆசை. ஆஸ்டியோபிளாஸ்டுக்கு ‘என்பாக்கி’ என்று வைத்துப் பாருங்கோ.

மா. – திங்கள், இரவு 11.50

இதுவரை இங்கே எழுதியதில்லை, வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பள்ளியிலிருந்து இளநிலை வரை தமிழ்வழியில் படித்தவள், இப்போது ஆய்வு மாணவி. முதுநிலையில் முதல் வாரம் ஆசிரியர் அரைமணி நேரம் என்சைம் என்சைம் என்று பேசினார். எனக்கு நொதி தெரியும். வேலை தெரியும், படம் போடத் தெரியும், எடுத்துக்காட்டு சொல்லத் தெரியும். அவர் சொன்னது அதைத்தான் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவளிடம் கேட்கக் கூச்சம். விடுதிக்குப் போய் அழுதேன். தமிழ் எனக்குத் தந்த அறிவு ஒரு சொல்லுக்காக வாசலிலேயே நின்றுவிட்டது.

அதனால் என் வேண்டுகோள், மைக்ரோ ஆர்என்ஏவை மைக்ரோ ஆர்என்ஏ என்றே எழுதுங்கள். இந்தப் பிள்ளைகள் இரண்டு வருடத்தில் என் இடத்துக்கு வருவார்கள். கருத்தைத் தமிழில் விளக்குங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் விளக்குங்கள், பெயரை மட்டும் உலகம் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுங்கள்.

இரா. – செவ்வாய், காலை 5.05

மா. அம்மாவின் மடலை இரண்டு முறை வாசித்தேன். அந்த வலி உண்மை. ஆனால் அதற்குக் காரணம் நொதி என்ற சொல் இல்லை அம்மா. நொதிக்குப் பக்கத்தில் என்சைம் என்ற ஒலிப்பைத் தமிழெழுத்தில் ஒரு முறை காட்டாமல் விட்ட பாடநூல்தான் காரணம். இரண்டையும் கொடுத்திருந்தால் நீங்கள் அழுதிருக்க வேண்டியதில்லை. அயற்சொல்லை எடுப்பதற்கும் தொல்காப்பியர் வழி சொன்னார், ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று. அந்த நூற்பா ஒலி மாற்றித் தமிழாக்கு என்கிறது, அப்படியே ஒட்டு என்று சொல்லவில்லை.

குற்றிழை பற்றி கு. சொன்னதை ஏற்கிறேன். காதில் தவறாக விழுகிறது. ஆனால் ‘குறு’வை விடமாட்டேன்.

இன்னொன்று, இரவெல்லாம் என்னைத் தூங்கவிடாதது. ந. எழுதினார்: //2ஆம் எழுத்திலிருந்து 8ஆம் எழுத்து வரை எங்கே ஜோடி சேர்கிறதோ// என்று. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறதே! எதுகை. முதல் எழுத்தை விட்டுவிட்டு இரண்டாம் எழுத்திலிருந்து பொருத்தம் பார்க்கிற வழக்கம் நம் யாப்பில் உறுதியாக இருக்கிறது. அந்த ஏழெழுத்துப் பகுதியை ஆங்கிலத்தில் விதை என்ற பொருளில் சொல்கிறார்களாம். விதை வேண்டாம், எதுகைப் பகுதி என்று வையுங்கள். தமிழ் படித்த பிள்ளைக்கு ஒரு நொடியில் புரியும். எதுகைக்கு அளவொத்தல் என்ற விதியும் உண்டு, முதல் எழுத்து ஒத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அளவில் பொருந்த வேண்டும். உங்கள் இழையின் முதல் எழுத்து ஜோடி சேராமல் ஆர்கோநாட்டின் பிடிக்குள் இருக்கிறதா என்பதை ந. சொல்லட்டும்.

ந. – செவ்வாய், காலை 10.45

ஐயா, முதல் எழுத்து அப்படித்தான் இருக்கிறது. ஆர்கோநாட்டுக்குள் ஒரு பொந்தில் செருகிக்கொண்டு இருக்கும், ஜோடி சேராது. உங்கள் மடலைப் படித்து இங்கே ஆய்வகத்தில் இருக்கும் இன்னொரு தமிழ்ப் பையனையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் எதுகையில் அதே எழுத்து திரும்ப வர வேண்டும். இங்கே அதே எழுத்து வந்தால் சேராது. ஏ-வுக்கு எதிரே யூ, ஜி-க்கு எதிரே சி.

யோ. – செவ்வாய், காலை 11.10

அப்படியென்றால் அது முரண் தொடை! எதிரானவை எதிரெதிரே நின்று தொடுப்பது.

இரா. – செவ்வாய், காலை 11.25

முரண் என்பது பொருளாலும் சொல்லாலும் மாறுபடுவது. இங்கே இருப்பது மாறுபாடு இல்லை, ஒன்றுக்கு ஒன்று துணை. அடியின் கடைசியில் ஒன்றுவது இயைபு, அதுவும் தூதின் வால்பகுதியில்தானே நடக்கிறது. இயைபு என்ற சொல்லுக்கே பொருந்துதல் என்றுதான் பொருள். எதுகை இடத்தைச் சொல்கிறது, இயைபு உறவைச் சொல்கிறது. ‘இயைபெதுகை’ என்று சேர்க்கலாமா என்று பார்க்கிறேன். மாலைக்குள் எழுதுகிறேன்.

கு. – செவ்வாய், மதியம் 12.40

ஐயா, யாப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் செ. அம்மாவுக்கு நாளை மாலை பாடம் போக வேண்டும். மைக்ரோ ஆர்என்ஏவுக்கே இன்னும் முடிவு இல்லை.

மடையை நான் விட்டுக்கொடுக்கிறேன். ‘அடக்கி’ என்று வைக்கலாமா? ‘நுண்ணடக்கி’?

ந. – செவ்வாய், மதியம் 2.15

‘அடக்கி’ கடுமையான சொல். அடக்குவது என்றால் முழுக்க நிறுத்துவது போல் இருக்கிறது. உண்மையில் ஒரு மைக்ரோ ஆர்என்ஏ ஒரு புரதத்தைப் பாதியாகக் குறைப்பதே அரிது, பெரும்பாலும் அதற்கும் கீழேதான். ஆனால் ஒரே மைக்ரோ ஆர்என்ஏ பல தூதுகளின்மேல் வேலை செய்யும், ஒரே தூதின்மேல் பல மைக்ரோ ஆர்என்ஏக்கள் வேலை செய்யும். எல்லாம் சேர்ந்துதான் செல் ஒரு பக்கம் சாய்கிறது. விளக்குத் திரியை உள்ளே இழுத்துச் சுடரைக் குறைப்பது போல. ‘தணி’ என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காய்ச்சல் தணிந்தது என்றால் போய்விட்டது என்று அர்த்தம் இல்லையே.

இன்னொன்று, இதையும் பாடத்தில் சேருங்கள் அக்கா. அதே மிர்-29பி, எலும்பு செல் முதிர்ந்த பிறகு கொலாஜன் உற்பத்தியையே தணிக்கிறது. முதலில் வழி திறந்துவிட்டது, பிறகு இழை அதிகமாகாமல் பார்த்துக்கொள்கிறது. அதே துண்டு, அதே எழுத்து, வேறு நேரம்.

‘மீசன்கைமல்’ பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரை 1991இல் வைத்த அர்னால்ட் கேப்லனே 2017இல் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். உடலுக்குள் போனதும் இவை பெரும்பாலும் திசுவாக மாறுவதில்லை, மருந்து போல சில பொருள்களைச் சுரந்து மற்ற செல்களுக்குச் சைகை தருகின்றன என்பது அவர் வாதம். யாரும் மாற்றவில்லை. பெயர் வைத்தவர் கையிலேயே பெயர் நிற்பதில்லை. நான் ‘மஜ்ஜை மூலச்செல்’ என்று எழுதிவிடச் சொல்வேன். இந்தப் பாடத்தில் பேசுவது மஜ்ஜையில் இருப்பதைப் பற்றி மட்டும்தானே.

இரா. – செவ்வாய், மாலை 5.50

தணி. நல்ல வேர். சினம் தணிந்த இடம் திருத்தணி என்று முருகன் தலத்துக்குப் பெயர்க்காரணம் சொல்வார்கள், சினம் அழிந்தது என்று சொல்வதில்லை. ந. காட்டிய நுட்பம் அந்தப் பெயரில் இருக்கிறது. தணி + ப் + பு + இ, தணிப்பி. ‘குறுந்தணிப்பி’. குறுமை மெல்லினம் பெற்று வந்திருக்கிறது, குறுந்தொகை போல. காதுக்கும் இனிது, பொருளும் நிறைவு. ஆர்என்ஏ இல்லை. என் வாக்கு இதற்கு.

ந. – செவ்வாய், மாலை 6.20

ஐயா, அழகாக இருக்கிறது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் ‘குறு’வை இதற்குக் கொடுத்துவிட்டால் பக்கத்து அறையில் இருப்பதற்கு என்ன கொடுப்பது? 21 எழுத்து அளவில் இன்னொரு வகை இருக்கிறது, ஆங்கிலப் பெயரிலேயே ‘சிறியது, குறுக்கிடுவது’ என்று வரும். நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதுவும் தணிக்கும், ஆனால் முழு நீளமும் ஜோடி சேர்ந்து தூதை வெட்டிவிடும். நீளத்தை வைத்துப் பெயரிட்டால் இரண்டும் குறு. வேலையை வைத்துப் பெயரிட்டால் இரண்டும் தணிப்பி. உட்கருவுக்குள் இருக்கும் சிறு ஆர்என்ஏக்கள் வேறு. வரிசை முழுக்கப் பார்த்தால் சிறு என்பதற்குச் சிறு, மைக்ரோவுக்கு நுண் என்று பிரித்து வைப்பதுதான் பின்னால் கைகொடுக்கும். ‘ஆர்என்ஏ’ நிற்கட்டும். தூது ஆர்என்ஏ, கடத்து ஆர்என்ஏ என்று பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள், இதுவும் அந்தக் குடும்பம் என்று பெயரிலேயே தெரிய வேண்டும்.

யோ. – செவ்வாய், இரவு 9.15

நானும் ‘நுண்’. இரா. ஐயா நுண் என்றால் பருமன் என்றீர்கள். குறளில் ‘நுண்மாண் நுழைபுலம்’ என்று வருகிறதே, அதில் பருமன் எங்கே? கூர்மையாக நுழைந்து பார்க்கிற அறிவு. ஏழு எழுத்தை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான தூதுகளுக்குள்ளே தன்னுடையதைத் தேடிப் பிடிக்கிற ஒன்றுக்கு ‘நுண்’ பொருந்தாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மா. – செவ்வாய், இரவு 10.30

இரா. ஐயா எனக்கு எழுதிய பதிலுக்கு நன்றி. இரண்டையும் காட்டுங்கள் என்று நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். முதல் முறை வரும்போது ‘மைக்ரோ ஆர்என்ஏ என்று உலகம் அழைக்கும் நுண் ஆர்என்ஏ’ என்று ஒரு முழு வரியாக எழுத முடியுமா? அடைப்புக்குறிக்குள் போட்டால் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள், நான் அப்படித்தான் தாண்டினேன்.

செ. – புதன், மாலை 4.30

அனைவருக்கும் நன்றி. கண் எரிகிறது, ஆனால் முடித்துவிட்டேன்.

நுண் ஆர்என்ஏ என்று போட்டிருக்கிறேன். நுண் + ஆர் = நுண்ணார் என்று புணர்ச்சி கேட்கும் என்று தெரியும், பிரித்தே எழுதியிருக்கிறேன், இரா. ஐயா மன்னிக்க வேண்டும். மா. கேட்டபடி முதல் பக்கத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது. மூன்று பேர் நுண், ஒருவர் குறு, கு. மடையை விட்டுக்கொடுத்துவிட்டார், மா. இரண்டும் வேண்டும் என்றார். இதற்கு மேல் காத்திருக்க அச்சகம் விடவில்லை.

ஸ்டெம் செல் மூலச்செல். யோ. ஐயா சொன்ன குருத்தெலும்புச் சிக்கல் எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும், அந்தப் பெண் குழம்பியதில் பாதி அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். மூலம் என்றால் வேறு நோய் நினைவு வரும் என்று என் சக ஆசிரியர் சொன்னார். செல் என்று சேர்த்தே எழுதினால் வராது என்று விட்டுவிட்டேன். டிஃபரன்ஷியேஷன் ‘வேறுபாடு அடைதல்’, தாவரவியலில் ஏற்கெனவே படித்த சொல் அது. ஆஸ்டியோபிளாஸ்ட் ‘எலும்பாக்கி செல்’. என்பு வைக்க ஆசைதான், ஆனால் இந்தப் பிள்ளைகள் வீட்டில் எலும்பு என்றுதான் சொல்கிறார்கள்.

‘தணி’ வினைச்சொல்லாகப் பாடம் முழுக்க இருக்கிறது. ரெகுலேட் என்று வந்த ஒவ்வோர் இடத்திலும் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்து, தணிக்கிறது, தடையைத் தணிக்கிறது என்று மாற்றினேன். அப்படி மாற்றும்போது இரண்டு இடத்தில் நானே தவறாக எழுதியிருந்தது தெரிந்தது, ரெகுலேட் என்ற சொல் அதை மறைத்து வைத்திருந்தது. கு.வின் மடையும் வயலும் நான்காம் பக்கத்தில். எதுகை ஒரு பெட்டிச் செய்தியாக ஏழாம் பக்கத்தில், ஒத்த எழுத்து இல்லை, துணை எழுத்து என்ற ந.வின் எச்சரிக்கையோடு.

இரா. – புதன், மாலை 5.40

செ. அம்மா, உழைப்புக்கு வணக்கம். எதுகைக்கு இடம் கொடுத்ததற்கு என் நன்றி.

‘நுண்’ என் கணக்கில் இன்னும் தவறுதான், அதைப் பதிவு செய்துவிடுகிறேன். 22 எழுத்து என்பது நீளம். யோ. காட்டிய குறளில் நுண்மை அறிவுக்கு வந்த அடை, அது வேறு. அடுத்த பதிப்பு வந்தால் குறுந்தணிப்பியை அடிக்குறிப்பிலாவது சேருங்கள். ஒருவர் எடுத்து ஆண்டால் போதும்.

செ. – புதன், இரவு 9.05

கட்டாயம் சேர்க்கிறேன் ஐயா. இப்போதே சொல்லிவிடுகிறேன், அடுத்த பாடம் ஆஸ்டியோகிளாஸ்ட், பழைய எலும்பை எடுக்கிற செல். ‘எலும்பு கரைப்பி’ என்று போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை மூன்று வாரம் இருக்கிறது.

இரா. – வியாழன், காலை 4.50

கரைப்பி என்றால் உப்பு நீரில் கரைவது போல் ஆகிவிடும். கரையான் மரத்தை அரிக்கிறது, அரித்தெடுக்கிறது. அரி என்ற வேரைப் பாருங்கள். எலும்பரி.

ந. – வியாழன், காலை 10.10

ஐயா, அது முதலில் அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கிறது, அதற்கப்புறம்தான் நொதியால் கொலாஜனை அரிக்கிறது. இரண்டும் நடக்கிறது.